வாலில் ஒட்டிய சேலைத்துண்டு

விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதவன் நல்லகண்ணு. தேங்காயைத் தட்டுவது, பானையைத் தட்டுவது எல்லாம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். இவன் வண்டிச் சக்கரத்தைத் தட்டுவான், கோயில் கதவைத் தட்டுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் குத்துவிளக்கைத் தட்டி, வெண்கலம்தானா என்று கேட்டவன். அந்தப் பெண்தான் முப்பிடாதியம்மாள். அன்றைக்கே இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தினமும் சொன்னாள்.

அவனுக்குத் தலைமடைக் காவல். சித்தாற்றிலிருந்து கால்வாய் பிரிகிற இடத்தில் பலகையைத் தூக்கித் தண்ணீர் விடுவதும் இறக்கி அடைப்பதும் அவன் பொறுப்பு. மேலகரத்துக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில், கார் சாகுபடிக்கு நல்லகண்ணு வந்து "விதையை நனைங்க" என்று சொன்ன பிறகுதான் எந்த வீட்டிலும் விதைநெல்லைத் தண்ணீரில் போடுவார்கள். அந்த ஒரு விசயத்தில் மட்டும் ஊர் அவனை நம்பியது. மற்றபடி அவன் வாயில் வருவதில் பாதியை ஆற்றில் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

யுத்தத்துக்கு முந்தின வருசம், ஆனி பிறந்த சமயம். மலையை மேகம் மூடிவிட்டது. குற்றாலத்தில் அருவி இரைய ஆரம்பித்து, சீசன் கூட்டம் தலையில் எண்ணெய் வழிய வழிய வந்துகொண்டிருந்தது. நாளைக்கோ மறுநாளோ மடையைத் திறக்க வேண்டியதுதான் என்று இருந்தபோது அந்தத் தபால் ஏரோப்பிளான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து திருச்சிக்குப் போகிற வழியில் மேகத்துக்குள் திக்குத் தெரியாமல் சுற்றி, எண்ணெய் குறைந்து, வறண்டு கிடந்த குளத்துக்குள் இறங்கிவிட்டது. ஓட்டி வந்தவன் வடக்கத்தி ஆள். தமிழ் ஒரு சொல் தெரியாது. தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசி ஸ்டேசனுக்குப் போய், கிராம முன்சீப் முத்துக்குமாரசாமியிடம் அங்கே ஒருவரைத் துபாஷியாக வைத்துச் சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

முன்சீப் அதைக் குளத்துக்கரையில் நின்று ஊருக்குச் சொன்னார். "கேட்டுக்கிடுங்க. திருவனந்தபுரத்துலருந்து இஞ்சினீர் வருவாராம். அவரு வந்து ஒவ்வொண்ணாப் பரிசோதிச்சு, சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடுத வரைக்கும் இது பறக்கப்படாது. சர்க்கார் சட்டம். யாரும் தொடவும்படாது. மடையைத் திறந்தா தண்ணி மொதல்ல குளத்துக்குள்ளதான் வரும். அதனால மடை அடைச்சே கெடக்கட்டும். ஏ நல்லகண்ணு, காவலும் நீதான்."

"பறந்துதான வந்துச்சு?" என்றான் நல்லகண்ணு.

"ஆமா."

"வந்தது மாதிரி போவ வேண்டியதுதான. வரும்போது நல்லா இருந்தது நிக்கும்போதா கெட்டுப் போவும்?"

"சட்டம்னு சொல்லுதேன்லா."

"சட்டம் என்ன சட்டம். நம்மகிட்ட ஏதோ புடுங்கப் பாக்கானுவ."

ஆனாலும் காவலுக்குப் போனான். போனவன் சும்மா போகவில்லை. மேய்ச்சலுக்கு மேய்ச்சலும் ஆகட்டும் என்று இரண்டு காளைகளையும் ஓட்டிக்கொண்டு போனான். குளத்துக்குள் அருகம்புல் செழிப்பாகக் கிடந்தது. ஏரோப்பிளான் இறக்கையைத் தட்டிப் பார்த்தான். பறை மாதிரிச் சத்தம் கேட்டது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, மேலே என்னமோ பூசியிருந்தார்கள். இதில் ஏறி ஆகாயத்தில் போகிறவன் பைத்தியக்காரன் என்று முடிவு செய்தான். பிறகு சாரலுக்குத் தோதாக இறக்கைக்கடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனான்.

விழித்தபோது மயிலைக்காளை வாலருகே நின்றது. வாலில் செங்குத்தாக நிற்குமே சுக்கான், அதை அது நக்கிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டியை நக்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. அந்தப் பூச்சில் என்ன ருசியோ, அதற்குத்தான் தெரியும். இவன் "ஏய்" என்று அதட்டவும் மாடு மிரண்டு, வாயில் அகப்பட்டதைக் கவ்வி இழுத்தது. சர்ரென்று இரண்டு கை அகலத்துக்குக் கிழிந்தது. கிழிந்த துணியை அப்படியே மென்று விழுங்கிவிட்டு அவனைப் பார்த்தது.

முப்பிடாதியம்மாள் கஞ்சிச் சட்டியோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாட்ட எதுக்கு இங்கன கொண்டாந்தீங்க?"

"அத அப்புறம் கேளுட்டி. இப்ப என்ன செய்ய?"

"முன்சீப்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா? ஊரே என்னையத் தின்னுரும். மடைக்காவல் போயிரும். நீ போயி புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொண்டா. அந்த வெள்ளச் சேலை, கிழிசல், அதுல ஒரு துண்டு கிழிச்சுட்டு வா."

"கோயில் கொடையில கட்டுத சப்பரத்துக்கு ஒட்டுத மாதிரில்லா சொல்லுதீங்க. இது பறக்குத சாமானம்."

"சப்பரத்துல சாமியே போவுது. இதுல தபால்தானட்டி போவுது."

பசை வந்தது. துணியை ஒட்டி, மேலே அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் குழைத்து நிறத்துக்கு நிறம் பூசினார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. அதற்குப் பிறகு மயிலை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், சாட்டைக்கம்பால் மூக்கில் ஒன்று வைத்தான்.

இஞ்சினீர் வந்து சேர்ந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள், தாணுமாலயன் என்று பெயர். ஒல்லி உடம்பு, காக்கி நிக்கர், தோளில் ஒரு தகரப்பெட்டி. பேச்சே கிடையாது. பெட்டியைத் திறந்து சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து, சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு ஆணியாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நல்லகண்ணுவுக்கு முதலில் ஆச்சரியமாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது. தன்னைப் போல இன்னொருத்தன் உலகத்தில் இருப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"இஞ்சினீர்வாள், நேத்து ஓடுனதுதான இது? இதப் போயி இம்புட்டுத் தட்டுதீரு?"

"நேத்து ஓடினதுக்கு நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு அண்ணாச்சி. நாளைக்கு ஓடப்போறதுக்காக்கும் நான் தட்டுறது."

"நீரு கையெழுத்துப் போட்டா விழாதோ?"

"விழுந்தா என்னையப் பிடிப்பாங்க. அதுக்காக்கும் கையெழுத்து."

சாயங்காலம் வரை தட்டினார். எஞ்சினைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார். தென்காசியிலிருந்து தகரத்தில் வந்த எண்ணெயைத் துணி வைத்து வடிகட்டி ஊற்றினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாக்கும். வால் மட்டும் பாக்கி. காலையில பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார்.

நல்லகண்ணு ஊருக்குள் ஓடினான். நாளைக்கு மடை திறப்பு, விதையை நனைக்கலாம் என்று வீடு வீடாகச் சொன்னான். வாலைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அப்படி ஒட்டியிருந்தான். அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் விதைநெல் தண்ணீருக்குள் போனது.

விதை நனைப்பதைப் பற்றிப் பட்டணத்து ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊறிய நெல்லைச் சாக்கில் கட்டி மேலே கல்லை ஏற்றினால் முளை விடும். முளை விட்டதை உடனே நாற்றங்காலில் விதைக்க வேண்டும். ஒரு நாள் தப்பினால் உள்ளேயே வேர் பின்னிக்கொள்ளும். பிறகு அது கோழிக்குத்தான் ஆகும். உழுது பிழைக்கிற அந்தச் சம்சாரிகளிடம் இரண்டாவது விதை கிடையாது.

காலையில் இஞ்சினீர் வாலுக்கு வந்தார். சுக்கானில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பின் பின்னாலேயே விரலைக் கொண்டுபோனார். சாரலில் சாம்பல் கரைந்து, சிவப்பில் ஒரு கோடு தெரிந்தது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. ஏரோப்பிளானுக்குச் சேலைக்கரை உண்டுமா?"

நல்லகண்ணு குனிந்து பார்த்தான். அவசரத்தில் முப்பிடாதி கரையோடு சேர்த்துக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அது நான் ஒட்டுனதுதான்" என்றான். மறைக்க வழியில்லை. "கிழிஞ்சு கெடந்துச்சு. பாவமேன்னு ஒட்டுனேன்."

"எப்பக் கிழிஞ்சது?"

இங்கே அவன் வாயை மூடியிருக்கலாம். "வரும்போதே கிழிஞ்சுதான் வந்துச்சு. ஆகாயத்துல துணி பறக்கது என் கண்ணால பாத்தேன். கொடி மாதிரி பறந்துச்சு" என்றான்.

இஞ்சினீர் பென்சிலை எடுத்து அதை எழுதிக்கொண்டார். சுக்கானைத் தனியாகக் கழற்றினார். "புதுத்துணி தைக்கணும். தைச்சு, மேல டோப்பு போடணும்."

"டோப்பாவா? கூத்தாடி தலையில மாட்டுவானே, அதா?"

"டோப்பா இல்ல அண்ணாச்சி, டோப்பு. வார்னிஷ் மாதிரி. அதுதான் துணியை இறுக்கும். ஆனா ஈரக்காத்துல போட்டா வெளுத்துப் பூத்துப்போகும். பக்கத்துல நெருப்பு மூட்டவும் முடியாது, குபீர்னு பிடிச்சுக்கிடும். நல்ல வெயில் வேணும். இந்தச் சாரல் எப்ப நிக்கும்?"

குளத்துக்கரையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாரல் நிற்க வேண்டும் என்று அந்த ஊரில் எவனும் அதுவரை கேட்டதில்லை.

"ஆவணி ஆவும்" என்றார் முன்சீப்.

எல்லாரும் நல்லகண்ணுவைப் பார்த்தார்கள். விதையை நனைக்கச் சொன்னவன் அவன்தானே.

வீட்டுக்கு வந்தால் முப்பிடாதியம்மாள் விதைச்சாக்கின் மேல் கல்லை ஏற்றிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வத்தல் வடகம் எல்லாம் ஆனி ஆடியில எங்கன போட்டுக் காயவைக்கோம்?" என்று கேட்டாள்.

"என்னட்டி, வாலு காயாமக் கெடக்கு, நீ வத்தலப் பத்திப் பேசுத?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. எங்கன?"

"வடிவம்மா வீட்டுக்குத்தான் குடுத்து விடுவ. ஆலங்குளத்துக்கு." சொன்னவன் நிறுத்தினான். பாவூர்ச்சத்திரம் தாண்டிவிட்டால் சாரல் கிடையாது. ஆலங்குளத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். இது இந்தச் சீமையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வடிவம்மாள் அவன் தங்கச்சி என்றாலும், அவள் புருசன் சுந்தரபாண்டியனோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. சுந்தரபாண்டியன் மிளகாய்வத்தல் வியாபாரி. புதுவீடு கட்டிப் பால்காய்ச்சிய அன்று, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடுவில், நல்லகண்ணு நடுத்தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தேக்குன்னாவ, பொந்துச் சத்தம்லா கேக்கு" என்று சொன்னவன்.

"அந்த வாசல நான் மிதிக்க மாட்டேன்."

"நீங்க மிதிக்காண்டாம். மாடு மிதிக்கட்டும், நீங்க வண்டியிலயே இருங்க. மாட்டுக்குத்தான் இதுல பொறுப்பு இருக்கு."

கோழி கூப்பிட வண்டி கட்டினார்கள். நுகத்தடியில் மயிலை. வண்டிக்குள் வைக்கோல் மெத்தையில் சுக்கான், மேலே ஓலைப்பாய். அதைப் பிடித்துக்கொண்டு இஞ்சினீர், எதிரே முப்பிடாதியம்மாள். பாவூர்ச்சத்திரத்துச் சந்தைக்குப் போன பொம்பளைகள் சப்பரத்துச் சாமான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஒரு முழம் பிச்சிப்பூவை வண்டிக்குள் எறிந்தாள்.

"எந்த ஊருக் கோயிலுக்கு அண்ணாச்சி?"

"கோயிலுக்கு இல்ல தாயி. வைத்தியத்துக்குப் போவுது" என்றான் நல்லகண்ணு.

ஆலங்குளம் எல்லையில் காற்று சூடாக முகத்தில் அடித்தது. இஞ்சினீர் வானத்தைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் காற்றோடு மண்ணும் வந்தது. புழுதி பட்டால் டோப்பு கெட்டுப்போகும் என்றார். சுந்தரபாண்டியன் வத்தல் மூடை அடுக்கி வைக்கிற கிட்டங்கிதான் வழி. மேலே தகரம், சுற்றிச் சுவர், உள்ளே அடுப்புக்குள் இருக்கிற மாதிரிச் சூடு.

சுந்தரபாண்டியன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு, மச்சானா? தூணத் தட்டிப் பாத்துட்டு உள்ள வாரும். தலையில விழுந்துரப் போவுது."

"தட்டுனது தப்பில்ல. சத்தமாச் சொன்னதுதான் தப்பு" என்றான் நல்லகண்ணு. அவனைப் பொறுத்தவரை அதுதான் மன்னிப்பு.

"நாங்க ஒங்க வீட்டப் பாக்க வரல அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதியம்மாள். "ஒங்க ஊரு வெயிலக் கேட்டு வந்திருக்கோம். ஊரு பூரா விதை முளைச்சுக் கெடக்கு."

விதை என்றதும் சுந்தரபாண்டியன் கையை அவிழ்த்தார். வியாபாரி ஆனாலும் சம்சாரி வீட்டுப் பிள்ளைதானே. "வண்டிக்குள்ள என்னது?"

"ஏரோப்பிளான் வாலு."

"வாலு மட்டும் தனியாவா வந்திருக்கு?"

"மத்தது குளத்துல நிக்கி."

"சரி. வத்தலுக்கு மேல என்னத்தயெல்லாமோ காயப்போட்டாச்சு. கொண்டாரும்." உள்ளே திரும்பி, "ஏட்டி வடிவு, ஒங்க அண்ணன் வாலோட வந்திருக்காவ, எல போடு" என்றார்.

இஞ்சினீர் துணியை நறுவிசாகத் தைத்தார். டோப்பு டப்பாவைத் திறந்ததும் பழுத்த வாழைப்பழ வாசம் கிட்டங்கி பூராவும் அடித்தது. தூரிகையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். வத்தல் நெடி மூக்கில் ஏறி, தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மின தும்மலில் தூரிகை நெளிந்து ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தும்மல்.

"அட, நகரும்" என்று சுந்தரபாண்டியன் வந்தார். வத்தல் மூடைக்குள் பிறந்து வளர்ந்தவர் அவர். அடுத்தவன் மூக்கைப் பார்த்தே தும்மல் எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவார். இஞ்சினீர் முகத்துக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இழும்... இழும்... வருது" என்று கையைத் தூக்கிவிடுவார். தும்மல் போகும். "போயாச்சு, இழும்." இப்படியே பூச்சுக்கு மேல் பூச்சு போட்டார்கள். துணி விறைத்துக்கொண்டே வந்தது. கடைசிப் பூச்சு காய்ந்ததும் இஞ்சினீர் விரலால் சுண்டினார். டங்கென்று கேட்டது. நல்லகண்ணுவும் சுண்டினான். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

வடிவம்மாள் அவித்த முட்டையும் சோறும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். வழி நெடுக இஞ்சினீர் எதையோ யோசித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை குளத்துக்குள் திருவிழாக் கூட்டம். ஓட்டுகிறவன் ரயிலில் வந்து இறங்கியிருந்தான். ஊர்க்காரர்கள் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்கள். முளை கண்டு வெள்ளை வெள்ளையாக நீண்டிருந்தது. இன்று தண்ணீர் வந்தால் நாளைக்கு நாற்றங்கால் சேற்றில் தொளி கலக்கி விதைத்துவிடலாம். நாளைக்கு வந்தால் கோழிக்கு.

சுக்கான் பூட்டியாயிற்று. இஞ்சினீர் ஓட்டுகிறவனோடு இங்கிலீசில் ஏதோ பேசிவிட்டுப் புத்தகத்தை மடக்கி வைத்தார்.

"வால் சரியாயாச்சு. ஆனா நான் கையெழுத்துப் போடமுடியாது."

"ஏன் சார்?" என்றார் முன்சீப்.

"புறப்படும்போது வாலு முழுசா இருந்திருக்கு. அண்ணாச்சி சொல்லுதாரு, ஆகாயத்துல தானாக் கிழிஞ்சு பறந்ததுன்னு. தானாக் கிழிஞ்சா துணி இத்துப்போச்சுன்னு அர்த்தம். வால்ல இத்தது இறக்கையிலயும் இத்திருக்கும். ரெண்டு இறக்கையும் பிரிச்சுப் பாக்கணும். ஆள் வரணும், துணி வரணும். இதுல ஒரு மனுசன் உயிர் போகுதாக்கும்."

ஊர் மறுபடியும் நல்லகண்ணுவைப் பார்த்தது. அவன் ஏரோப்பிளான் சக்கரத்தைப் பார்த்தான்.

"அது ஆகாயத்துல கிழியல" என்றான்.

"பிறகு?"

"தரையிலதான்."

"எதுல பட்டு?"

"நாக்குல."

"யார் நாக்குல?"

"என் மாட்டு நாக்குல. நக்கிக் கிழிச்சுத் தின்னுட்டு. நான் இறக்கைக்கடியில தூங்கிட்டேன். தொடப்படாதுன்னு சொன்ன சாமானத்துக்குப் பக்கத்துல மாட்ட விட்டது நான், பொய் சொன்னதும் நான்."

கூட்டத்தில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இஞ்சினீர் சிரிக்கவில்லை.

"முந்தாநாள் ஆகாயம்னீங்க, இன்னைக்கு நாக்குங்கிறீங்க. மடை திறக்கணும்னு இதையும் சொல்லலாம். நான் எதை நம்பி எழுத?"

இப்படி ஒரு கேள்வியை நல்லகண்ணு ஆயுசு பூராவும் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறான். தன்னிடம் ஒருத்தன் கேட்பது இதுதான் முதல் தடவை. "மாட்டயே கேளும்" என்றான்.

மயிலையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, வாலுக்கு நேராக நிறுத்தினார்கள். மயிலை வாலைப் பார்த்தது. நல்லகண்ணுவின் கையைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்து அசைபோட்டது.

"லே மயிலை, நக்குலே" என்றான் நல்லகண்ணு. கழுத்தைத் தடவிக்கொடுத்தான். "எய்யா, ஒரு நக்கு நக்கு."

"இத்தன நாளும் மூக்குல அடிச்சுட்டு, இப்ப நக்குன்னா அது என்ன செய்யும்?" என்றாள் முப்பிடாதியம்மாள். "நீங்க மொதல்ல அங்கிட்டுப் போங்க. ஒங்களக் கண்டுதான் அது பயப்படுது."

அவன் ஏரோப்பிளானுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்து நின்றான். இஞ்சினீர் பெட்டியைத் திறந்து டோப்பு டப்பாவின் மூடியை நெம்பினார். வாழைப்பழ வாசம் சாரல் காற்றில் பரவியது. மயிலை அசைபோடுவதை நிறுத்தியது. மூக்கு விரிந்தது. கழுத்து நீண்டது. பிறகு அந்த நாக்கு வந்தது, முழ நீளத்துக்கு, வாலைப் பார்க்க. கயிற்றைப் பிடித்தவர்கள் இரண்டு பேரும் தரையோடு இழுபட்டுப் போனார்கள்.

"போதும், போதும், பிடிங்க" என்று இஞ்சினீர் வாலுக்குக் குறுக்கே பாய்ந்தார்.

புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினார். எழுதிவிட்டு நல்லகண்ணுவைக் கூப்பிட்டு, "இதுக்குக் கீழ மாட்டுக்காரர்னு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"நக்குனது மாடு. கையெழுத்து மட்டும் எனக்கா?"

"ஏரோப்பிளான் விழுந்தா மாட்டையா போய்ப் பிடிக்க?"

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. இடதுகைப் பெருவிரலை நீட்டினான்.

ஏரோப்பிளான் ஈரமண்ணையும் அருகம்புல்லையும் கிளப்பிக்கொண்டு ஓடி, கரைப் பனைமரங்களுக்கு மேலே ஏறி, கிழக்கே ஆலங்குளத்துப் பக்கமாகப் போனது. இஞ்சினீரும் அதிலேயே ஏறிப் போனார். கையெழுத்துப் போட்டவர் கூடப் போனதைப் பார்த்த பிறகுதான் நல்லகண்ணுவுக்கு அந்த ஆள் மேல் மரியாதை வந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமடைக்கு ஓடினான்.

பலகையைத் தூக்கினான். தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கியது. அதே நேரம், மாதம் பிறந்ததிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்த சாரல் பட்டென்று நின்று, ஆனி மாதத்தில் யாரும் கண்டிராத வெயில் மலைமேல் பளீரென்று அடித்தது.

கரையில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தன் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்து, "என்னல இது, சீசன்ல வெயிலடிக்கி?" என்று கேட்டான்.

"ஒனக்குத் தெரியாதா?" என்றான் பக்கத்தில் நின்றவன். "நம்ம நல்லகண்ணு அண்ணாச்சி உண்மை பேசிட்டாவளாம்."